110 நொடி வேலை, 120 நொடி டேக்ட், ஆனாலும் ஷிஃப்டுக்கு 15 வண்டி குறைவு

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை, சத்தியவேடு, ஊத்துக்கோட்டை. விடியும் முன்பே இந்த ஊர்களில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நிறையப் பேர் வண்டித் தொழிலைச் சேர்ந்தவர்கள். எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இசுசு ஆலை 2016-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சத்தியவேடு பக்கம் ஹீரோ மோட்டோகார்ப் இருக்கிறது, சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ் இருக்கிறது, இவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள். லைன் லீடர், பிராசஸ் இன்ஜினியர், மெயின்டனன்ஸ், குவாலிட்டி என்று இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழ் ஆட்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கீழே வரும் எண்கள் எந்த ஆலையின் எண்களும் இல்லை. கணக்குக்காக ஒரு கார் லைனை வைத்துக்கொள்வோம்.

ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, டீக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம். மிச்சம் 430 நிமிடம், அதாவது 25,800 நொடி. ஷிஃப்டுக்கு 215 வண்டி வேண்டும் என்றால் டேக்ட், அதாவது ஒரு வண்டிக்குக் கிடைக்கும் நேரம், 120 நொடி. அசெம்பிளி லைன் அந்த வேகத்தில் ஓடுகிறது. லைன் முடிந்து வண்டி சொந்தக் காலில் கீழே இறங்கியதும் டெஸ்ட் லைன் வருகிறது: வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் ஃபோகஸ், ரோலர் பிரேக் டெஸ்டர், அடிப்பாகச் சோதனை, ஷவர் டெஸ்ட், டெஸ்ட் டிராக். இதில் சக்கரங்களை உருளைகள் மேல் சுழற்றிச் சோதிக்கும் ரோலர் டெஸ்டரின் சைக்கிள், அதாவது ஒரு தடவை சோதிக்க ஆகும் நேரம், 110 நொடி. 120-க்குள் 110 அடங்குகிறது, 92 சதவீதம் சுமை, எனவே டெஸ்ட் லைன் போதும் என்று எக்செல் சொல்லிவிடும். நிறைய ஆலைகளில் டெஸ்ட் லைனுக்கு இடமும் மெஷினும் இந்த ஒரு வரிக் கணக்கை நம்பித்தான் ஒதுக்கப்படுகின்றன.

தப்பு அங்கேதான் இருக்கிறது. எல்லா வண்டியும் முதல் தடவையே பாஸ் ஆவதில்லை. 100-க்கு 88 பாஸ், 12 ஃபெயில் என்று வைப்போம். ஃபெயில் ஆன வண்டி, குறையைச் சரிசெய்யும் ரீவொர்க் இடத்துக்குப் போய் மறுபடி அதே ரோலர் மேல் ஏறும். அப்போதும் 88 சதவீதம் பாஸ் என்றால் ஒரு வண்டிக்குச் சராசரி 1.136 தடவை. 110-ஐ அதனால் பெருக்கினால் 125 நொடி. டேக்டைத் தாண்டியாகிவிட்டது.

நிலைமை இன்னும் மோசம்தான். ஒரு தடவை ஃபெயில் ஆன வண்டி, மற்ற வண்டிகளைப் போன்ற வண்டி கிடையாது. ஹேண்ட் பிரேக் கேபிள் சரியாக உட்காராத வண்டியை நட்டை மட்டும் திருகி அனுப்பினால் அது மறுபடி ஃபெயில் ஆகும். இரண்டாவது தடவையிலிருந்து பாஸ் விகிதம் 70 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 1-உடன் 0.12-ஐ 0.7-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 1.171 தடவை, கிட்டத்தட்ட 129 நொடி. 25,800 நொடியை 129-ஆல் வகுத்தால் 200 வண்டி. கேட்டது 215. யாரும் சும்மா நிற்கவில்லை, எந்த மெஷினும் பெரிதாகப் பழுதாகவில்லை, ஆனால் ஷிஃப்டுக்கு 15 வண்டி குறைகிறது.

இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர் போதும். அதற்கு மேல், ஒன்றையொன்று பாதிக்கிற விஷயங்கள் சேர்ந்தவுடன்தான் சிமுலேஷன், அதாவது லைனின் மாடலைக் கம்ப்யூட்டரில் கட்டி ஓட்டிப் பார்ப்பது, தேவைப்படுகிறது. 4 சக்கர டிரைவ் வண்டி அடுத்தடுத்து மூன்று வந்தால் என்ன ஆகும், ரீடெஸ்ட் வண்டியை எப்போது உள்ளே விட வேண்டும், டீ நேரத்தில் யார் நிற்பது, ரீவொர்க் இடம் நிரம்பினால் வண்டி எங்கே போகும் என்பது போன்ற கேள்விகள்.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏன் ஏமாறுகிறோம் என்பதற்கு 1961-ல் கணிதவியலாளர் கிங்மன் தந்த சூத்திரம் நல்ல விளக்கம். ஒரு மெஷின் முன்னால் காத்திருக்கும் நேரம், அதன் சுமையை மிச்சத் திறனால் வகுத்தால் வரும் எண்ணோடு சேர்ந்து ஏறும். சுமை 80 சதவீதம் என்றால் அந்த எண் 4. 90 என்றால் 9. 95 என்றால் 19. இதோடு வருகையிலும் வேலை நேரத்திலும் உள்ள ஏற்ற இறக்கம் பெருக்கப்படுகிறது. 80-லிருந்து 90-க்கு ஏற்றும்போது தெரியாத வலி, 90-லிருந்து 95-க்கு ஏற்றும்போது தெரியும். டெஸ்ட் லைனை 92 சதவீதத்துக்குத் திட்டமிடுவதே, என் பார்வையில், முதல் நாளிலிருந்தே கடன் வாங்குவது மாதிரி.

சரி, அந்த 110 நொடியைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்டாப்வாட்ச்சோடு ரோலர் பக்கத்தில் நின்றால் இப்படித் தெரியும். வண்டி உள்ளே வந்து ரோலர் மேல் உட்கார 14 நொடி. டிரைவர் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டை (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாக்கெட்) தேடி கனெக்டரைச் செருகி, பார்கோடை ஸ்கேன் செய்ய 16. மாடலுக்கு ஏற்ப வீல்பேஸ் நகர 6. ஸ்பீடோமீட்டர் சோதனை 18. முன் பின் பிரேக் விசையும் இழுவையும் 24. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் வால்வுகள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சரியாகத் திறந்து மூடுகின்றனவா என்று 18. ஹேண்ட் பிரேக் 8. வெளியேற 6.

இதில் ரோலர் கட்டாயம் தேவைப்படும் வேலை 68 நொடிதான். மற்றது ஏறுவது, இறங்குவது, குனிவது, செருகுவது. ஸ்கேனிலும் கனெக்டரிலும் ஏற்ற இறக்கமும் அதிகம். அனுபவமுள்ள ஆள் 11 நொடியில் முடிப்பார், புது ஆள் 30 எடுப்பார், பார்கோடு ஸ்டிக்கர் கசங்கியிருந்தால் 50. இந்த 16-ன் சராசரியை விட அந்த 50-தான் வரிசையைக் கட்டுகிறது. விதிமுறைகள் கடுமையாகும்போது இந்த நொடிகளும் கூடுகின்றன. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம், 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி. ஒவ்வொன்றும் லைன் முடிவில் ஒரு சோதனையையோ, ஈசியுவில் (வண்டியின் கன்ட்ரோல் கம்ப்யூட்டரில்) ஒரு கூடுதல் வேலையையோ கொண்டுவந்து சேர்க்கிறது. அசெம்பிளி லைன் டேக்ட் மட்டும் மாறாமல் இருக்கும்.

சிமுலேஷன் மாடலுக்கு டேட்டா எடுப்பதுதான் மொத்த வேலையில் பெரிய பங்கு. மாடல் எழுத ஒரு வாரம் ஆனால் டேட்டாவுக்கு ஒரு மாதம் ஆகும். அவசரப்பட்டால் தப்பான மாடல்தான் கிடைக்கும்.

முதல் பொறி, பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) தரும் சைக்கிள் நேரம். வண்டி உள்ளே வந்தது, வண்டி வெளியே போனது என்று இரண்டு நேரம் மட்டும் பதிவாகிற ஸ்டேஷனில், அடுத்த இடம் காலியாகாமல் நின்ற நேரமும் சைக்கிளுக்குள் சேர்ந்துவிடும். அதை அப்படியே மாடலில் போட்டால் அடைப்பு இரண்டு தடவை எண்ணப்படும்: ஒரு தடவை சைக்கிளாக, இன்னொரு தடவை மாடல் தானே உருவாக்கும் அடைப்பாக. நான்கு நேரங்கள் வேண்டும். உள்ளே வந்தது, வேலை தொடங்கியது, வேலை முடிந்தது, வெளியே போனது. முடிந்ததுக்கும் வெளியே போனதுக்கும் நடுவில் இருப்பது அடைப்பு. ஒரு வண்டி வெளியே போனதுக்கும் அடுத்தது உள்ளே வந்ததுக்கும் நடுவில் இருப்பது பட்டினி. பிஎல்சி நேரமும் சர்வர் நேரமும் ஒன்றா என்றும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தால் சில வண்டிகள் வேலை முடியும் முன்பே வெளியே போனதாகக் கணக்கு வரும்.

இரண்டாவது, பிரேக்டவுன் நோட்டு. கையால் எழுதும் நோட்டில் நேரங்கள் எல்லாம் 5, 10, 15, 30 என்றுதான் இருக்கும். 2 நிமிடத்துக்குக் குறைவான நிறுத்தம் எழுதப்படவே படாது. ஆனால் சென்சாரைத் துடைத்துவிட்டு ரீசெட் அழுத்துகிற 40 நொடி நிறுத்தம் ஷிஃப்டுக்கு 20 தடவை வந்தால் 13 நிமிடம் போச்சு. நோட்டையும் பிஎல்சி அலாரம் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த எல்லைப் பகுதிக்கே உரிய ஒன்றும் உண்டு. ஒரு ஷிஃப்டில் "சென்சார் போச்சு" என்று எழுதியிருக்கும். அடுத்த ஷிஃப்டில் "சென்சார் பனி சேயடம் லேது" என்று தெலுங்கில். மூன்றாவது ஷிஃப்டில் இங்கிலீஷில் ஒரு சுருக்கம். மூன்றும் ஒரே பழுது. கம்ப்யூட்டரில் மூன்று பழுதாக ஏறினால் ஒவ்வொன்றும் அபூர்வமாக வருவது போலத் தெரிந்து, முதல் பத்துப் பழுதுகளின் பட்டியலிலேயே வராமல் போகும். டேட்டாவைச் சுத்தம் செய்பவருக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். சத்தியவேடு, தடா பக்கத்து ஆட்களுக்கு இரண்டும் வீட்டு மொழி மாதிரிதான், அவர்களை இந்த வேலைக்கு உட்கார வையுங்கள்.

மூன்றாவது, பழுதுகளுக்கு இடையிலான நேரம் எந்தக் கடிகாரத்தில் அளக்கப்பட்டது என்பது. ஞாயிறு, டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்த காலண்டர் நேரமா, மெஷின் ஓடிய நேரமா? காலண்டர் நேரத்தை எடுத்துவிட்டு மாடலில் ஓடும் நேரத்துக்குப் போட்டால் மெஷின் உண்மையை விட நல்ல மெஷினாகத் தெரியும்.

மனிதர் செய்யும் வேலைக்கு ஒவ்வொரு வேரியண்டுக்கும் குறைந்தது 30, முடிந்தால் 50 அளவு எடுக்கலாம். அந்த நேரங்கள் நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சமமாக விரியாது. ஒரு வேலையை வேகமாக முடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு, தாமதத்துக்கு எல்லை கிடையாது. எனவே வலது பக்கம் வால் நீண்ட பரவல் வேண்டும், லாக்நார்மல் பெரும்பாலும் பொருந்தும். எதுவும் தெரியாத இடத்தில் குறைந்தது, வழக்கமானது, அதிகபட்சம் என்று லைன் லீடரிடம் மூன்று எண் கேட்டு முக்கோணப் பரவல் போடலாம். பழுதுக்கு மூன்று மாதப் பதிவாவது வேண்டும்.

பழுதுகள் தனித்தனியாகச் சிறியவை என்பதால் அலட்சியம் வருகிறது. நடுவில் இடைவெளியே இல்லாமல் கோத்த 20 ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் நன்றாக இருக்கிறது. எல்லாம் ஒரே சமயத்தில் நன்றாக இருக்கும் நேரம் 0.99-ஐ 20 தடவை பெருக்கினால் 82 சதவீதம்தான். நடுவில் பஃபர், அதாவது வண்டிகள் காத்திருக்க இடம், வைத்தால் இது மீளும். எவ்வளவு பஃபர்? ஒரு மெஷினின் சராசரி பழுதுநீக்க நேரம் 6 நிமிடம், டேக்ட் 2 நிமிடம் என்றால் 3 வண்டி இடம் போதும் என்று தோன்றும். பழுதுநீக்க நேரம் எக்ஸ்பொனென்ஷியலாக, அதாவது பல குறுகியதும் சில மிக நீண்டதுமாக, பரவியிருந்தால் 3 வண்டி இடம் 63 சதவீத நிறுத்தங்களைத்தான் தாங்கும். 6 வண்டி 86 சதவீதம், 9 வண்டி 95 சதவீதம். அதுவும் நிறுத்தம் வரும் நேரத்தில் பஃபர் காலியாக இருந்தால்தான். ஒரு காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் வைத்தால் 9 வண்டிக்கு 54 மீட்டர். ஷெட்டுக்குள் 54 மீட்டரை யாரும் சும்மா தரமாட்டார்கள். முதல் 3 இடம் தரும் பலன் பெரியது, அடுத்த 3 அதில் பாதிகூட இல்லை. வளைவு எங்கே தட்டையாகிறது என்று காட்டும் அந்தப் படம் இருந்தால், இடம் கேட்டுப் பேசும்போது உங்கள் பேச்சு எடுபடும்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக: பிளான்ட் சிமுலேஷன், அரீனா, எனிலாஜிக், ஃப்ளெக்ஸ்சிம் எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை, நன்றாக வேலை செய்பவை. இலவசமாக வேண்டுமென்றால் ஜாம்சிம் இருக்கிறது, பைத்தான் தெரிந்தவர்களுக்கு சிம்பை இருக்கிறது. ஒரு டெஸ்ட் லைனுக்கு சிம்பையில் இருநூறு வரிக்குள் மாடல் எழுதிவிடலாம், சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

சிம்பையில் புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. வண்டி ஒரு ஸ்டேஷனைக் கேட்கிறது, வேலை முடிகிறது, ஸ்டேஷனை விடுவிக்கிறது, அடுத்ததைக் கேட்கிறது. பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் விடுவித்த பிறகு அடுத்ததைக் கேட்டால், நடுவில் வண்டி காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் எல்லையில்லாத இடம் இருப்பதாக மாடல் எடுத்துக்கொள்ளும், அடைப்பு என்பதே வராது, உற்பத்தி அழகாக 215 காட்டும். அடுத்த இடம் கையில் கிடைத்த பிறகுதான் இப்போதைய இடத்தை விட வேண்டும். இந்த இரண்டு வரிகளின் வரிசையை மாற்றினாலே மாடல் உண்மை பேச ஆரம்பிக்கும்.

அப்படி மாற்றியதும் இன்னொரு பிரச்சினை வரும். மாடல் நடுவில் அப்படியே உறைந்து நிற்கும். ரோலர் மேல் ஃபெயில் ஆன வண்டி, ரீவொர்க்கில் இடம் காலியாகக் காத்திருக்கிறது. ரீவொர்க்கில் வேலை முடிந்த வண்டிகள், ரோலர் காலியாகக் காத்திருக்கின்றன. ஒன்று நகர மற்றது நகர வேண்டும். இது மாடலின் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், லேஅவுட்டில் உள்ள பிழை அது. நிஜத்தில் இது ஏன் தெரிவதில்லை என்றால், ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்திவிடுகிறார்கள். மாடலிலும் அந்த வெளி யார்டைச் சேர்க்க வேண்டும், அங்கே ஓட்டிப் போக, திரும்பக் கொண்டுவர ஆகும் நிமிடங்களோடும், அதற்கு ஒதுக்கும் டிரைவரோடும்.

யார்டைச் சேர்த்ததும் 1961-லேயே வெளியான லிட்டில் விதியைப் பயன்படுத்தலாம்: நிற்கும் வண்டிகளை, மணிக்கு உள்ளே வரும் வண்டிகளால் வகுத்தால் ஒரு வண்டி நிற்கும் சராசரி நேரம். மணிக்கு 30 வண்டியில் 12 சதவீதம், அதாவது 3.6 வண்டி ரீவொர்க்குக்குள் போகிறது. எந்த நேரம் எண்ணினாலும் சுமார் 40 வண்டி நிற்கிறது. 40-ஐ 3.6-ஆல் வகுத்தால் 11 மணி நேரம். ஒரு நட்டை இறுக்க வேண்டிய வண்டி 11 மணி நேரம் நிற்கிறது.

நிற்கும் வண்டி சும்மா நிற்பதில்லை, கெட்டுக்கொண்டே நிற்கிறது. கதவைத் திறந்து திறந்து மூடுவதும், இக்னிஷனை ஆனில் விட்டுவிட்டுப் போவதும், ஸ்டார்ட் செய்து நகர்த்துவதும் பேட்டரியை இறக்கும். பேட்டரி வோல்டேஜ் குறைந்த வண்டியில் ஈசியு ஃபிளாஷ் செய்தால், அதாவது அதில் சாஃப்ட்வேர் ஏற்றினால், நடுவில் நின்றுபோகும். வெளியிலிருந்து நிலையான சப்ளை கொடுத்துத்தான் ஃபிளாஷ் செய்ய வேண்டும். இதனால் ஃபெயில் விகிதம் ஒரு நிலையான எண்ணாக இருக்காது, காத்திருந்த நேரத்தோடு ஏறும். யார்டு நீண்டால் ஃபெயில் கூடும், ஃபெயில் கூடினால் யார்டு நீளும். எல்லா வண்டிக்கும் ஒரே 12 சதவீதம் போட்ட மாடலில் இந்தச் சுழல் தெரியாது. வண்டி ரீவொர்க்கில் நுழைந்த நேரத்தைக் குறித்துவைத்து, 4 மணி நேரத்துக்கு மேல் நின்றவற்றுக்குத் தனி விகிதம் கொடுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று, ஷவர் டெஸ்ட். நீர்க்கசிவு கண்டு ரீவொர்க் போன வண்டியில் வேறு வேலையும் செய்திருந்தால் அது ரோலருக்குத் திரும்ப வரலாம். டயர் ஈரமாக இருந்தால் ரோலரோடு பிடிப்புக் குறைந்து, பிரேக் நன்றாக இருக்கும்போதே சக்கரம் சீக்கிரம் வழுக்கி, விசை குறைவாகப் பதிவாகும். பிரேக் ஃபெயில் என்று தாள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வெளி யார்டிலிருந்து வரும் எல்லா வண்டியும் இந்த நிலையில்தான் இருக்கும். ரோலர் முன்னால் டயரைத் துடைத்து ஊதி உலர்த்த ஓர் ஆள் நின்றால் போதும். மாடலில் மழைக்காலத்துக்குத் தனியாக ஓர் ஓட்டம் ஓட்டிப் பார்த்தால் அந்த ஆளின் மதிப்பு வண்டி எண்ணிக்கையில் தெரியும்.

மாடலை நம்பலாமா என்று பார்க்க, போன மாதத்து நிஜ ஷிஃப்டுகளோடு ஒப்பிட வேண்டும். மொத்த எண்ணிக்கை 2, 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். மொத்தம் தற்செயலாகவும் ஒத்துப்போகும். ஒவ்வொரு மணி நேர எண்ணிக்கை, ரோலர் முன் வரிசை நீளம், யார்டில் நின்ற வண்டி, மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். அதோடு லைன் லீடரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓடவிட்டுக் காட்டுங்கள். "சாப்பாட்டுக்கு அப்புறம் இவ்ளோ சீக்கிரம் லைன் எழும்பாதுங்க" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஒரு வார டேட்டாவுக்குச் சமம். பஸ் தாமதமானால் 6 மணி லைன் 6.12-க்குத் தொடங்குவதும் அவர் வாயிலிருந்துதான் வரும், எந்தப் பதிவிலும் இருக்காது.

மாடல் தொடங்கும்போது லைன் காலியாக இருக்கும், யார்டும் காலியாக இருக்கும். நிஜத்தில் திங்கள் காலை யார்டில் சனிக்கிழமை வண்டி நிற்கும். எனவே முதல் சில ஷிஃப்டுகளின் எண்களைத் தூக்கிப்போட வேண்டும். யார்டு எண்ணிக்கையை வரைந்து, ஏறுவது நின்று அலைய ஆரம்பிக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து அங்கிருந்து எண்ணலாம். சுமை 100-ஐத் தாண்டிய லைனில் அந்த இடமே வராது, யார்டு ஏறிக்கொண்டே போகும். அதுவே ஒரு பதில்தான்.

ஒரே ஓட்டத்தை வைத்து முடிவெடுப்பது பெரிய தவறு. 10 வெவ்வேறு ரேண்டம் விதைகளோடு (தற்செயல் எண்களை எங்கிருந்து தொடங்குவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் எண்) 10 ஓட்டம், ஷிஃப்ட் உற்பத்தியின் திட்ட விலக்கம் 6 வண்டி என்றால், 95 சதவீத நம்பிக்கை எல்லை கூட்டல் கழித்தல் 4 வண்டிக்கு மேல் வரும். அந்த நிலையில் ஒரு மாற்றம் 3 வண்டி கூட்டியது என்று சொல்ல முடியாது. எல்லையை 2 வண்டிக்குக் குறைக்க 40 ஓட்டம் வரை தேவை. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே விதைகளைக் கொடுத்தால் அதே பழுது அதே நேரத்தில் இரண்டிலும் வரும், வித்தியாசம் சீக்கிரம் தெளிவாகத் தெரியும்.

இப்போது 15 வண்டிக்கு வருவோம். முதலில் எல்லோரும் கேட்பது இரண்டாவது ரோலர் டெஸ்டர். ரீடெஸ்டுக்கு மட்டும் அதை வைத்தால், மணிக்கு 5 ரீடெஸ்ட், தலா 110 நொடி, மொத்தம் ஒன்பதரை நிமிடத்துக்குக் கிட்டே. மணிக்கு 50 நிமிடம் அந்த மெஷின் சும்மா இருக்கும். அதன் விலையும் அஸ்திவாரக் குழியும் அதற்குத் தகாது.

அடுத்தது, சாப்பாட்டுக்கு ரோலரை நிறுத்தாமல் மாற்று ஆள் வைத்து ஓட்டுவது. 215 வண்டிக்குத் தேவை சுமார் 27,700 நொடி, இருப்பது 25,800. குறைவது 32 நிமிடம். சாப்பாட்டு 30 நிமிடத்தில் ஓட்டினால் தாளில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மாடலில் முடியாது. சாப்பாடு 9.30-க்கு என்றால், அதுவரை லைன் 100 வண்டி அனுப்பியிருக்கும், ரோலர் 93 முடித்திருக்கும். வரிசையில் இருப்பது 7. அதை முடிக்க 15 நிமிடம். லைனும் சாப்பாட்டுக்கு நின்றுவிட்டதால் பாக்கி 15 நிமிடம் ரோலருக்கு வண்டியே இருக்காது. மீதி 8 வண்டியை ஷிஃப்ட் கடைசியில்தான் முடிக்க முடியும். முதல் ஷிஃப்டுக்குப் பின்னால் உடனே 2 மணி ஷிஃப்ட் தொடங்கிவிடும், இடைவெளி இல்லை. 8 வண்டி வரிசையோடுதான் அடுத்த ஷிஃப்ட் தொடங்கும். இரவு 10-க்குப் பிறகு சுமார் 20 நிமிடம் ரோலர் ஆட்கள் மட்டும் நின்றால் இரண்டு ஷிஃப்டின் பாக்கியும் தீரும். அப்படியென்றால் 10 மணிக்குக் கிளம்பும் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை பஸ்ஸுக்கு என்ன செய்வது என்று டிரான்ஸ்போர்ட்டோடு பேச வேண்டும். அதைப் பேசாமல் இந்தத் திட்டத்தை ஆட்கள் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

காசு குறைவாகவும் பலன் அதிகமாகவும் வருவது மூன்றாவது வழி. கனெக்டரையும் ஸ்கேனையும் ரோலரிலிருந்து பிடுங்கி முந்தைய ஹெட்லைட் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது. வயர் இல்லாத அடாப்டரை அங்கேயே செருகிவிட்டால் வண்டி ரோலருக்கு வரும்போது அடையாளம் தெரிந்திருக்கும், வீல்பேஸும் முன்பே நகர்ந்திருக்கும். 16-ம் 6-ம் சேர்ந்த 22 நொடியில், இணைப்பைச் சரிபார்க்க 10 நொடி ரோலரிலேயே தங்கிவிடும் என்று வைத்தால் 12 நொடி மிச்சம், 98 நொடி சைக்கிள். 1.171-ஆல் பெருக்கினால் 115. சுமை 107-லிருந்து 96-க்கு இறங்கும், ஆனாலும் இறுக்கம்தான். இதோடு ரீவொர்க்கில் ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு ஒரு அளவுக்கருவி வைத்து, இரண்டாவது தடவை பாஸ் 80-ஆகவும், லைனில் கேபிள் பொருத்தும் ஸ்டேஷனில் அதே சோதனையை வைத்து முதல் பாஸ் 93-ஆகவும் ஏறினால், தடவை 1.0875, நேரம் 107 நொடி, சுமை 89. கிங்மன் எண் 22-லிருந்து 8-க்கு வரும். மற்றவை மாறாமல் இருந்தால் ரோலர் முன் காத்திருப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டே இறங்கும். அடாப்டர்கள் 6, 7 வேண்டும், சுற்றிச் சுற்றி ஹெட்லைட் ஸ்டேஷனுக்குத் திரும்ப வர வேண்டும். அதையும் மாடலில் ஒரு வளமாகச் சேருங்கள். 4 மட்டும் வைத்தால் ஃபெயில் ஆன வண்டியோடு 2 ரீவொர்க்குக்குப் போய்விடும், நல்ல வண்டிகள் அடாப்டருக்காக நிற்கும்.

ரீடெஸ்ட் வண்டிக்கு முன்னுரிமை கொடுக்கலாமா என்பதிலும் ஓட்டிப் பார்த்தே முடிவெடுங்கள். எப்போதும் முன்னுரிமை கொடுத்தால் லைன் அடைபடும், கொடுக்கவே இல்லையென்றால் யார்டு வீங்கும். புது வண்டி வரிசை 3-க்குக் கீழே இருந்தால் ஒரு ரீடெஸ்டை உள்ளே விடு என்பது போன்ற எளிய விதி, ரோலர் டிரைவர் கண்ணால் பார்த்துச் செய்யக்கூடியது, பெரும்பாலும் ஜெயிக்கும்.

இவ்வளவு தூரம் போவது வீணா என்று கேட்பவர்களுக்கு: ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் பிற்பகுதியிலிருந்தே இந்த மாதிரி உற்பத்தி மாடல்களைக் கட்டிப் பல ஆலைகளில் அடைப்புகளைத் தேடித் தேடி எடுத்தது. அந்த வேலைக்கு 2005-ல் எடெல்மன் விருது (ஆபரேஷன்ஸ் ரிசர்ச் துறையின் விருது) கிடைத்தது. அங்கேயும் டேட்டா எடுக்கும் முறையைச் சீராக்கியதும், யார் எந்த அடைப்பைப் பார்ப்பது என்று ஆலையில் பொறுப்புக் கொடுத்ததும் மாடலுக்குச் சமமாக முக்கியமாக இருந்தன.

உதிரிபாக லாரி விஷயத்தையும் சிலர் இதே மாடலுக்குள் திணிப்பார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெளிவட்டச் சாலை வழியாக வரும் லாரியும், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு சாலையில் வரும் லாரியும் ஒரே மாதிரி தாமதமாவதில்லை, ஆரணி ஆற்றில் வெள்ளம் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்குத் தனி மாடல் போடுங்கள். டெஸ்ட் லைன் மாடலுக்கு அசெம்பிளி லைன் எத்தனை நிமிடம் நின்றது என்ற ஒரு பரவல் போதும்.

மாற்றம் செய்த பிறகு அதே நான்கு நேரங்களை இரண்டு வாரம் மறுபடி எடுங்கள். ரோலர் 107-க்கு இறங்கியதும், அதுவரை நிழலில் இருந்த வீல் அலைன்மென்ட் முன்னால் வரும். 104 நொடி சைக்கிள், 1.08 தடவை என்றால் 112 நொடி, 94 சதவீதச் சுமை. அலைன்மென்ட் குழிக்குள் நின்று டை ராட் லாக் நட்டைத் தளர்த்தி, டோவை (முன் சக்கரங்களின் கோணத்தை) சரிசெய்து, மறுபடி இறுக்குபவருக்கு ஸ்டியரிங் நடுவில் இல்லாமல் வரும் வண்டிதான் நேரத்தைத் தின்கிறது. இனி ஸ்டாப்வாட்ச்சோடு நிற்க வேண்டிய இடம் அந்தக் குழி.